யூ-டர்ன் ரெனிஷா

எங்கள் ஊர் மயிலாடியில் யாரிடம் கேட்டாலும் ரெனிஷாவின் கதையைச் சொல்வார்கள். அதில் ஒரு தேவதூதன் வருவான். மேகத்துக்குள் வழிதவறிய குட்டி விமானத்தின் இறக்கையைப் பிடித்து, கடலுக்கு மேலே பத்திரமாகக் கொண்டுவந்து விடுவான். சில வீடுகளில் அவனுக்கு வெள்ளை அங்கியும் உண்டு. ரெனிஷா என் சித்தப்பா மகள். இந்தக் கதை காதில் விழும்போதெல்லாம் அவள் முகம் கடுகடுத்துவிடும்.

"என்ன நடந்துச்சுன்னு நான் எத்தனை வாட்டிக்கா சொல்லுகது? ஒருத்தருக்கும் காது கேக்காதா?" என்பாள்.

அவளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சித்தப்பா ஜான்ரோஸுக்குப் பக்கத்து ஊர் கொட்டாரத்தில் மோட்டார் வைண்டிங் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்து மோட்டார் புகைந்தாலும் அங்கேதான் கொண்டுவருவார்கள். சித்தி ராகேல் மஸ்கட்டில் நர்ஸ். ரெனிஷா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்தே சித்தி அங்கேதான். ஒரே பிள்ளை, பாதி அவர்கள் வீட்டிலும் பாதி எங்கள் வீட்டிலுமாக வளர்ந்தாள். பிளஸ் டூ விடுமுறையில் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, திருவனந்தபுரத்தில் விமானத்தின் வாசலருகே ஒரு பெண் பைலட் நின்றிருந்தாளாம். எவர்சில்வர் டப்பாவிலிருந்து பழம்பொரி எடுத்துத் தின்றபடி, இறங்குகிறவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாளாம்.

"அவங்க பெரிய ஆளு மாதிரியே இல்லக்கா. நம்ம கணக்கு டீச்சர் மாதிரி இருந்தாங்க. அப்ப நானும் ஓட்டலாமேன்னு தோணிச்சு" என்றாள் என்னிடம்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் முடித்த கையோடு வீட்டில் கேட்டாள். சித்தப்பா, பி.எட். படி என்றார். சித்திதான் மஸ்கட்டிலிருந்து போனில் சத்தம் போட்டாள்: "பிள்ளைக்கு ஆசையா இருக்குல்லா? போகட்டு. நான் ஆசைப்பட்டதுல எனக்கு எது நடந்துச்சு?"

பயிற்சிப் பள்ளி திருநெல்வேலிக்குக் கிழக்கே, உடைமரக் காட்டுக்கு நடுவில் ஒரு பழைய ஓடுதளத்தில் இருந்தது. அங்கே போன முதல் மாதமே அவளுக்கு விளங்கிவிட்டது, பைலட் படிப்பில் பெரும்பகுதி தகரக் கொட்டகையில் உட்கார்ந்து காத்திருப்பது என்று. ஒரு நாள் காற்று பலமாக இருக்கும். ஒரு நாள் காற்று சரியாக இருக்கும், விமானத்துக்கு டயர் இருக்காது. டயர் வந்த நாளில் மூடுபனி. எல்லாம் சரியாக இருக்கிற நாளில் வேறொருவனுடைய முறை. காலையில் சீருடை போட்டு உட்காருவாள். மத்தியானம் வியர்வையோடு கழற்றுவாள். போனில் பேசினால் இந்தப் புலம்பல்தான்.

"பறந்தியாடி?" என்று கேட்பேன்.

"கோழி பறந்துச்சுக்கா. நான் பாத்தேன்" என்பாள்.

இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் அது. ஒற்றை எஞ்சின், முன்னால் ஒரு விசிறி. மாணவர்கள் தரை கண்ணுக்குத் தெரிகிற வானத்தில் மட்டும்தான் பறக்கலாம். மேகத்திலிருந்து விலகியே இருக்க வேண்டும். உள்ளே போகக்கூடாது.

"பெரிய விமானம் எல்லாம் மேகத்துக்குள்ளதானே போவுது?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

அவள் என்னை வீட்டிலிருந்த சுழல் நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கண்ணைக் கட்டினாள். ஒரே சீராகச் சுற்றிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "நின்னுட்டுது" என்றேன். "நிக்கல, சுத்திக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். பிறகு நாற்காலி எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கியது. பயந்துபோய் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். அவள் துண்டை அவிழ்த்தாள். நாற்காலி அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"இதுதான்க்கா. நாம நேரா இருக்கோமா, சரிஞ்சு இருக்கோமான்னு சொல்லுகது காதுக்குள்ள இருக்குற கொஞ்சூண்டு தண்ணி. அது அடிக்கடி பொய் சொல்லும். கண்ணு வெளிய பாத்துத் திருத்திக்கிடும். மேகத்துக்குள்ள வெளிய எல்லாம் வெள்ளை. திருத்த ஆளு கிடையாது. பெரிய விமானத்துல ரெண்டு பேரு இருப்பாங்க, தானா ஓட்டுகதுக்கு மெஷின் இருக்கும், அதுக்குன்னு படிச்சிருப்பாங்க. இதுல நான் ஒருத்தி. ஓட்டுகதும் நான்தான், மேப் பாக்கதும் நான்தான், ரேடியோவுல பேசுகதும் நான்தான்."

இவ்வளவும் அவளுக்கு அப்போதே தெரியும். அதனால்தான் பிறகு நடந்ததை நினைத்து அவளுக்கு அவள்மேலேயே அத்தனை ஆத்திரம்.

தனியாகப் பறந்து போய்த் திரும்பும் பயிற்சியில் அவளுக்குக் கிடைத்த பாதை நாகர்கோவில். வள்ளியூர், பணகுடி வழியாகத் தெற்கே வந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, நாகர்கோவிலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். சொந்த ஊர் என்று ஆசையாகக் கேட்டு வாங்கியதுதான். சித்தப்பாவிடம் சொன்னாள். அவர் கடை மாடியில் ஆட்களைச் சேர்த்துவிட்டார். சபையிலிருந்து நாலைந்து பேர், பக்கத்துப் பாத்திரக்கடை பொன்னுலிங்கம், நான், என் அம்மா. எல்லோரும் கழுத்து வலிக்க வடக்கே பார்த்துக்கொண்டு நின்றோம். விமானம் வரவில்லை. மத்தியானம் போன் வந்தது. கணவாயில் மேகம் இறங்கியிருந்ததாம். பணகுடிக்கு மேலேயே திரும்பிவிட்டாளாம்.

"மழை வருகதுக்கு முன்னால நான் சைக்கிள்லயே நாரோயிலுக்குப் போயிட்டு வந்திருவேன்" என்றார் பொன்னுலிங்கம். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

அங்கே பள்ளியில் அதைவிட மோசம். அதே நாள் அதே பாதையில் பிபின் என்ற மாணவன் போயிருந்தான். மேகத்தில் ஒரு இடைவெளி கிடைத்ததாம். நுழைந்து போய், நாகர்கோவிலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டான். அவனுக்குக் கைதட்டல். பயிற்சியாளர் ஷாஜன் மார்த்தாண்டத்துக்காரர், பேச்சில் பாதி மலையாளம். எல்லோர் முன்னாலும் ரெனிஷாவிடம் சொன்னார்: "பிபின் போயிட்டு வந்நான். நீ பேடிச்சு, பயந்துபோய் யூ-டர்ன் அடிச்சே. மேகம் என்ன, கடிக்குமோ?"

அன்றிலிருந்து அவள் பெயர் யூ-டர்ன். அடுத்த முறையும் அதே கணவாய், அதே மேகம், மறுபடியும் திரும்பினாள். சாப்பாட்டு வரிசையில் அவள் வந்தால் பையன்கள் வழிவிட்டு, கையை வளைத்துத் திரும்பும் சைகை காட்டினார்கள். விதிப்படி அவள் செய்தது முழுக்கச் சரி. சரியென்று ஒருவரும் சொல்லவில்லை. கொட்டாரத்தில் சித்தப்பாவிடம் கடைக்கு வருகிறவர்களெல்லாம், "என்ன ஜான்ரோஸ், பிளேன் இன்னும் வரலியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவரும் அதை அப்படியே மகளிடம் போனில் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளுக்கு அது வேடிக்கையாக இல்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை. முந்தின நாளே சித்தப்பாவுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு வாரேன்பா. கண்டிப்பா வாரேன்." அவர் மறுபடியும் மாடியில் ஆட்களைக் கூட்டினார்.

கிளம்பும்போது வானம் சுத்தமாக இருந்தது. பணகுடி வரை தரையில் ஆடு மேய்வதுகூடத் தெரிந்ததாம். காவல்கிணறு தாண்டும்போது கணவாய்க்கு மேலே சாம்பல் நிறத்தில் மூடி போட்டதுபோல மேகம் கிடந்தது. ஆனால் அதன் அடியில், மலைக்கு அந்தப் பக்கம், நாகர்கோவில் பக்கமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. மேகத்துக்குக் கீழேயே போய்விடலாம் என்று உயரத்தைக் கொஞ்சம் குறைத்தாள். முப்பந்தல் காற்றாலைகள் கீழே வந்தன. தூரத்துக் காற்றாலைகளின் இறக்கைகள் மேலே போகும்போது மறைவதையும் கீழே வரும்போது தெரிவதையும் பார்த்தாள்.

"அங்கயே திரும்பியிருக்கணும்க்கா. பாத்தேன். மேகம் அவ்வளவு கீழ இருக்குன்னு மனசுக்குத் தெரிஞ்சுது. கை திரும்புகதுக்குத் தயாராத்தான் இருந்துச்சு."

"பின்ன ஏன் திரும்பல?"

"நீங்க எல்லாரும் மாடியில நின்னுக்கிட்டிருந்தீங்க. இன்னும் கொஞ்சம் போய்ப் பாத்துட்டுத் திரும்பலாம்னு நினைச்சேன்."

கணவாயைத் தாண்டிவிட்டாள். முதலில் நூல் நூலாக வந்தது. பிறகு பஞ்சு பஞ்சாக. நடுநடுவே வயல் தெரிந்தது, ஒரு குளம் தெரிந்தது. அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அது போய்விட்டது. கண்ணாடிக்கு வெளியே எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. மேலும் இல்லை, கீழும் இல்லை.

பக்கத்தில் மருந்துவாழ்மலை எங்கேயோ நிற்கிறது என்று நினைவு வந்தது. அதன் உயரம் எவ்வளவு என்று பார்க்க மேப்பை எடுக்கக் குனிந்தாள். அதே நேரம் ரேடியோவில் யாரோ அவள் விமானத்தின் எண்ணைக் கூப்பிட்டார்கள். பதில் சொல்லக் கையை நீட்டினாள். மேப் மடியிலிருந்து கால் பக்கம் விழுந்தது. அதை எட்டிப் பிடித்தாள். அவ்வளவுதான். யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மேப்பை அவர்கள் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.

நிமிர்ந்தபோது காற்றின் இரைச்சல் கூடியிருந்தது. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. உயரம் காட்டும் முள் வேகமாகக் கீழே இறங்கியது. உடம்புக்கோ நேராகப் போவதுபோலத்தான் இருந்தது. இறங்குகிறோமே என்று ஓட்டும் பிடியைத் தன்பக்கம் இழுத்தாள். இழுக்க இழுக்கக் கன்னம் கீழே தொங்கியது, கை கனத்தது, முள் இன்னும் வேகமாக இறங்கியது. விமானம் இடப்பக்கம் சரிந்து, திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டே தரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சரிந்திருக்கும்போது பிடியை இழுத்தால் சுற்று இறுகுமே தவிர விமானம் மேலே வராது. இதுவும் அவள் படித்ததுதான்.

விமானத்தின் முகப்பில் ஒரு உருண்டைக் கருவி உண்டு. பாதி நீலம், பாதி பழுப்பு. நீலம் வானம், பழுப்பு தரை. அன்று அதில் பழுப்பே நிறைந்திருந்தது. நடுக்கோடு ஏறக்குறைய செங்குத்தாகச் சாய்ந்து கிடந்தது. அவளுடைய முதல் எண்ணம், கருவி கெட்டுப்போச்சு என்பதுதானாம்.

"அந்த ஒரு நொடிதான்க்கா. கருவி பொய் சொல்லுதுன்னு நான் நினைச்சேன்லா, அங்கதான் இப்படி மேகத்துல மாட்டுன மத்தவங்க எல்லாம் செத்துப்போனாங்க."

பக்கத்திலிருந்த மற்றக் கருவிகளைப் பார்த்தாள். அவையும் அதையே காட்டின. தான் ஒருத்திதான் வேறு சொல்கிறோம் என்று புரிந்தது. எஞ்சினைக் குறைத்தாள். பிடியை இழுப்பதை விட்டாள். முதலில் கோட்டை நேராக்கினாள், பிறகு மெதுவாக விமானத்தின் மூக்கைத் தூக்கினாள். கோடு நேரானதும் உடம்பு கத்தியது, வலப்பக்கம் கவிழ்கிறாய் என்று. கவிழட்டும் என்று வாய்விட்டே சொன்னாளாம். கழுத்தை இடப்பக்கம் சாய்த்தபடி, கண்ணை அந்த உருண்டையிலிருந்து எடுக்காமல் இருந்தாள். ஆயிரம் அடிக்குச் சற்று மேலே விமானம் இறங்குவது நின்றது. மருந்துவாழ்மலையின் உச்சி அதற்குக் கொஞ்சம்தான் கீழே.

வடக்கிலும் மேற்கிலும் மலை. தெற்கே போனால் கடல். அவ்வளவு மட்டும் உறுதியாகத் தெரிந்தது. திசைகாட்டியைத் தெற்கே திருப்பி, மெதுவாக உயரம் ஏறி, வெள்ளைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் நாங்கள் கொட்டாரத்தில் மாடியில் நின்றுகொண்டிருந்தோம். மேகம் தென்னை உயரத்துக்கு இறங்கிவிட்டது போலிருந்தது. முதலில் வழக்கமான சத்தம் கேட்டது. "வாரா, வாரா" என்று என் அம்மா கையைத் தட்டினாள். பிறகு அந்தச் சத்தம் மாறியது. மேலே மேலே ஏறி, கீச்சென்று கூவியது. எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சத்தம் இறங்கி, எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ போய், தெற்கே தேய்ந்து நின்றது. நாங்கள் யாரும் விமானத்தைப் பார்க்கவே இல்லை.

"போயிட்டுதே, தெக்க போயிட்டுது" என்றார் பொன்னுலிங்கம்.

அவளுக்கு முதலில் தெரிந்தது தண்ணீர். கலங்கிய பச்சை நிறத்தில் கடல், அதில் இரண்டு வள்ளம். மேகம் பின்னால் சுவர் மாதிரி நின்றது. அப்போதுதான் ரேடியோவில் பதில் சொன்னாள். கட்டுப்பாட்டு அறையில் சொன்னபடி கடலுக்கு மேலேயே கிழக்கே போய், வடக்கே திரும்பி, தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கினாள். விமானத்தை விட்டு இறங்கியவளுக்கு நேராக நிற்க முடியவில்லை. கழுத்து இடப்பக்கமே சாய்ந்திருந்தது. பல நாள் அந்த வலி போகவில்லை.

சாயங்காலத்துக்கு முன்பே பள்ளியில் விசாரணை வைத்தார்கள். அவளைப் பறக்க விடாமல் நிறுத்தினார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. மேகத்துக்குள் போனது அவள்தான். ஆனால் ஷாஜன் கேட்ட கேள்விதான் அவளைக் கொதிக்கவைத்தது.

"நீ எதுக்கு உள்ளே போன? திரும்பியிருக்கலாமே? நான் எப்பவாச்சும் மேகத்தில் போகச் சொன்னேனோ?"

"சொல்லல சார். திரும்புனப்ப சிரிச்சீங்க."

"அது தமாஷு."

"திரும்புனா பேடிச்சவ. போனா பொறுப்பு இல்லாதவ. அப்பம் நான் என்ன சார் செய்யணும்? நீங்களே சொல்லுங்க."

ஷாஜன் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிபினும் அந்த அறையில் இருந்தான். அவன் போன நாளில் மேகத்தில் இடைவெளி எதுவும் இல்லை என்றும், குருட்டாம்போக்கில்தான் நுழைந்து போனதாகவும் அப்போது மெதுவாகச் சொன்னான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான். கைதட்டியவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள்.

ரெனிஷா வீட்டுக்கு வந்தாள். வந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் ஸ்தோத்திர ஆராதனை ஏற்பாடாகியிருந்தது. போதகர் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். மைக்கைக் கையில் வாங்கியவள் எடுத்த எடுப்பில், "நான் செஞ்சது தப்பு" என்றாள். "மேகத்துக்குள்ள போகக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போனேன். திரும்புனா எல்லாரும் சிரிப்பாங்கன்னு நினைச்சுப் போனேன். மாடியில நிக்கவங்களுக்குக் காட்டணும்னு போனேன்."

ஜனங்கள் நெளிந்தார்கள். போதகர் அவள் தோளைத் தொட்டு, "அந்த நேரத்துல ஆண்டவருடைய கரம் உன்னைத் தாங்கினதை உணர்ந்தியா மகளே?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"ஆண்டவர் காப்பாத்துனார் ஐயா. அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா அந்த உருண்டைக் கருவியைப் பாத்தேன், அதை நம்பினேன். அடுத்த வாட்டி..."

"அல்லேலூயா!" என்றார் போதகர். பாட்டு தொடங்கிவிட்டது. வெளியே வந்தபோது ஒரு அம்மா அவள் கன்னத்தைத் தடவி, "இறக்கையில தூதன் உக்காந்திருந்தாராமே, மக்கா" என்றாள். தேவதூதன் பிறந்தது அங்கேதான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவன் கொட்டாரம் வரை போய்விட்டான்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. சித்தப்பா சாப்பிடாமல் எழுந்து, "இனி போகண்டாம். கடையில இரி, இல்லேன்னா பி.எட். படி" என்றார்.

"மாடியில ஆளைக் கூட்டி நிறுத்தினது யாருப்பா?" என்றாள் அவள்.

அவர் முகம் செத்துப்போனது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பல நாள் இரண்டு பேரும் பேசவில்லை. என் அம்மா ரெனிஷாவைத் திட்டினாள். நான் சித்தப்பாவிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. சித்திதான் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்து இரண்டு பேரையும் ஒரே கட்டிலில் உட்காரவைத்தாள்.

"எங்க வார்டுல ஒருத்தி மருந்து மாத்திக் குடுத்தா அவளை வீட்டுக்கு அனுப்பிட்டா தீந்துராது. எதனால மாத்திக் குடுத்தான்னு கேக்கணும். கேக்காட்டா அடுத்தவளும் குடுப்பா. நீங்க ரெண்டு பேரும் யாரு மேல குத்தம்னு பேசிக்கிட்டே இருக்கிய. ஏட்டி ரெனி, நீ திரும்ப ஓட்டணுமா, வேண்டாமா? அதைச் சொல்லு."

"ஓட்டணும்."

"ஏன்?"

"இப்பதான் எனக்கு அது என்னன்னு தெரியும்."

சித்தப்பா, "பின்ன போ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதன்பிறகு மாடிக்கு யாரையும் கூப்பிடவில்லை.

அவள் திரும்பிப் போனாள். தண்டனைக் காலம் முடியக் காத்திருந்தாள், பரீட்சைகளைத் திரும்ப எழுதினாள். கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டும் பயிற்சியைக் கூடுதலாகக் கேட்டு வாங்கினாள். வெளியே தெரியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பு கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஷாஜன் உட்கார்ந்திருக்க, மணிக்கணக்கில் அந்த நீலமும் பழுப்பும் கலந்த உருண்டையையே பார்த்தாள். ஷாஜன் வேண்டுமென்றே விமானத்தைச் சரித்துவிட்டு, "இனி நேராக்கு" என்பார். உடம்பு ஒன்று சொல்லும், கருவி ஒன்று சொல்லும். ஒவ்வொரு முறையும் வாந்தி வருமாம். அவர் அதன்பிறகு அவளை யூ-டர்ன் என்று கூப்பிடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஒருநாள் வேறொரு மாணவி பாதியில் திரும்பி வந்தபோது, பையன்கள் சிரிப்பதற்கு முன்னால், "சாயா குடிச்சியா?" என்று மட்டும் அவளிடம் கேட்டாராம். ரெனிஷாவுக்கு அதுவே பெரிதாக இருந்தது.

உரிமம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. பெரிய கம்பெனிகளில் தேர்வு எழுதினாள், காத்திருந்தாள். வருடக்கணக்கில் கொட்டாரத்தில் சித்தப்பாவின் கடையில் உட்கார்ந்து கம்பி சுற்றினாள். "பைலட்டம்மா, என் மோட்டாரைக் கொஞ்சம் பாரு" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். கடைசியில் கர்நாடகாவில் ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் மாணவர்கள் பாதியில் திரும்பினால் யாரும் சிரிக்கக்கூடாது என்று முதல் நாளே கொட்டகையில் சொல்லிவிட்டாளாம். அந்தப் பள்ளி முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. பையன்கள் பயந்தாங்கொள்ளிகளாகிவிடுவார்கள் என்றாராம்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்குத் தோழியாக ரெனிஷாதான் நிற்க வேண்டும் என்று முதலிலிருந்தே முடிவு. அவளுக்குப் பிடித்த நீலத்தில் சேலைகூட எடுத்துவைத்திருந்தேன். பழுதுபார்க்க விட்டிருந்த ஒரு விமானத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு வந்து பள்ளியில் விட்டுவிட்டு, அங்கிருந்து நேராக ஊருக்கு வருவதாக இருந்தாள். வரவில்லை. பாதி வழியில் மலைமேல் மழைமேகம். திரும்பிப் போய்க் கிளம்பிய இடத்திலேயே இறங்கிவிட்டாள். அங்கிருந்து பஸ் பிடித்தாலும் கல்யாணம் முடிந்த பிறகுதான் வந்துசேர முடியும்.

பள்ளி முதலாளி அவளிடம் கத்தினார், விமானத்துக்காக மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்று. என் அம்மா கத்தினாள், ஒரே அக்காவின் கல்யாணத்துக்கு வராதவள் என்ன பிள்ளை என்று. சபையில் பெண்கள், "தூதன் இந்த வாட்டி வரலியா?" என்று கேட்டார்கள். நானும் கோபமாகத்தான் இருந்தேன். நீலச் சேலையை யாரோ ஒரு தூரத்து உறவுக்காரி கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

நான்கைந்து நாள் கழித்து ரெனிஷா வந்தாள். நான் அவளிடம் பேசவில்லை. அவள் அடுக்களையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"நீதான் இப்ப மேகத்துக்குள்ள ஓட்டப் படிச்சிருக்கியே. வந்திருக்கலாம்லா?" என்று நானே கடைசியில் கேட்டேன்.

"நான் படிச்சிருக்கேன்க்கா. அந்த விமானம் படிக்கல. அதுல தானா ஓட்டுகது கிடையாது. கருவியும் பழசு. ஒத்தைக்கு நான், மலை, மழை."

"ஒரு வாட்டி தப்பிச்சியே."

"அதனாலதான் திரும்புனேன்."

"எல்லாரும் என்னைக் கேட்டுக் கொன்னுட்டாங்க, கேட்டியா?" என்றேன்.

"என்னையும்தான்" என்றாள். "நீ கோவமா இரி, அக்கா. பரவாயில்ல. திரும்ப அதே மேகம் வந்தா திரும்பத்தான் செய்வேன். அப்பவும் கோவப்படு."

பிறகு எழுந்து போய் வெளியே என் கணவரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். அவர் தேவதூதனைப் பற்றிக் கேட்டுவிட்டார். அவள் பொறுமையாக, ஆரம்பத்திலிருந்து, நாற்காலியும் துண்டுமாக விளக்கத் தொடங்கினாள். நான் சாம்பாரைச் சூடாக்கினேன்.

ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் வேலைக்குத் திரும்பிப் போனாள். திங்கட்கிழமை மத்தியானம் போன் செய்தேன். பறந்தியாடி என்று கேட்டேன். கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறாளாம். காலையிலிருந்து மேகம் கலையவில்லையாம். இரண்டு மாணவர்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம், முதலாளி இரண்டு முறை வந்து வானத்தையும் அவளையும் பார்த்துவிட்டுப் போனாராம். "கலைஞ்சா போவோம், இல்லேன்னா நாளைக்கு" என்றாள். குரலில் எரிச்சல் இருந்தது.